உபயக் கூண்டு

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு முன்னால் வந்ததும் செல்லதுரை சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். டவுன் பஞ்சாயத்தில் சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் விட்டுப் பராமரிக்கிற தற்காலிக வேலை அவனுக்கு. பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துக் கடைத்தெரு வழியாக ஆஸ்பத்திரிக்கு வந்து முடிப்பான். வரிசையை மாற்றுவதில்லை. மாற்றினால் எந்த மரத்தையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கும், சாப்பாடு இறங்காது. மற்ற மரங்களைப் பார்க்கிறவரை மனசு சும்மா இருக்கும். இந்த மரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பான்.

மரத்தைச் சுற்றி ஆள் நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் கூண்டு. ஆட்சி மாறிய வருஷம் ஊரெங்கும் மரம் நடு விழா நடந்தபோது கட்டியது. அதுவரை வேறு கட்சித் துண்டைப் போட்டிருந்த மிராசுதார் வைத்தியலிங்கம், புதுத் துண்டோடு வந்து இந்தக் கன்றை நட்டார். ஆடு மாடு கடிக்காமல் இருக்கத் தன் பொறுப்பில் கூண்டும் கட்டிக் கொடுத்தார். அதன் முகப்பில் ஒரு கல் பதித்திருந்தது: ‘உபயம்: அமரர் அருணாசலம் நினைவாக, மகன் வைத்தியலிங்கம்.’ கன்று விரல் தடிமனில் இருந்தபோது அந்தக் கூண்டு அதற்கு மாளிகை. இப்போது அடிமரம் பெருத்துக் கூண்டை நிறைத்துவிட்டது. மேல் விளிம்பில் பட்டை பிதுங்கி, இறுக்கிக் கட்டிய மூட்டையின் வாய் மாதிரி செங்கல்மேல் வழிந்து கிடந்தது.

மரம் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் கூண்டை முட்டி விரிசல் விடவைத்தது. ஆனால் புரட்டாசியில் அருணாசலத்தின் திதி வரும். அன்றைக்கு மிராசு வந்து கல்லுக்கு மாலை போட்டு, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கும் அவர்களோடு துணைக்கு வந்தவர்களுக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார். அதற்கு முன்னால் விரிசலில் சிமெண்ட் அடைத்து, பூசி, வெள்ளையடித்துவைக்க வேண்டும். மரத்தைப் பார்த்துக்கொள்கிறவனுடைய வேலை அது. போன புரட்டாசியில் விரிசல் பெரிதாக இருந்ததால் செல்லதுரை கம்பியைச் சுற்றி முறுக்கி அதன்மேல் பூசினான். “கெட்டியாப் பண்ணியிருக்கடா” என்றார் மிராசின் காரியக்காரர் பஞ்சநதம். செல்லதுரைக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு பங்குனிக் கடைசியில் அவனைத் தஞ்சாவூரில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் தெரிந்தது. கன்று நடும்போது குழியை ஆழத்தைவிட அகலமாக வெட்டணும். மண்ணைக் கழுத்துவரை குவிக்கக் கூடாது. துணைக்குச்சியில் கட்டிய கயிற்றை அவ்வப்போது தளர்த்தணும். மரம் தன் காலில் நின்றதும் கூண்டை எடுத்துவிடணும். மரத்துக்குச் சாப்பாடு பட்டைக்கு அடியில்தான் ஓடுகிறது. இறுக்கிப் பிடித்தால் வேருக்குப் போகிற சாப்பாடு நின்றுபோகும். இறுக்கின இடத்தில் மரம் வலுவிழந்து ஒரு காற்றில் முறியும். இவ்வளவையும் சொல்லிக்கொடுத்த அதிகாரி ஒரு மாங்கன்றைத்தான் காட்டினார். ஊருக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் செல்லதுரை யோசித்தான். மாவுக்குச் சொன்னது தூங்குமூஞ்சிக்கும் சரியா? கேட்டிருக்கலாம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், கேட்காமல் விட்டுவிட்டான்.

ஊருக்கு வந்ததும் கடைத்தெருப் புங்கன்களின் கயிறுகளைத் தளர்த்தினான். பஸ் ஸ்டாண்ட் வேம்புகளின் கழுத்திலிருந்து மண்ணை வாரி எடுத்து, தூரிலிருந்து தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டினான். பாத்தியில் வைக்கோல் பரப்பினான். வெயிலிலும் மண் ஈரம் காயாமல் நின்றது. தஞ்சாவூரில் சொன்னது சரிதான் போலிருக்கிறது. ஆஸ்பத்திரி மரத்தை மட்டும் தொடவில்லை. ஆடியில் அதன் உச்சிக் கிளை ஒன்று பட்டுப்போனது. ஒரு பக்கத்து இலைகள் சிறுத்து மஞ்சளாகின.

மரத்தடியில் இட்லிக் கடை போட்டிருந்த ரெங்கம்மாள்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னாள்.

“ஏம்ப்பா, இது சாகப் போவுதா?”

“அதெல்லாம் இல்லக்கா.”

“இல்லேன்னு சொல்றப்ப மூஞ்சியப் பாத்து சொல்லணும். நேத்து ராத்திரி காத்துல என்னமோ நெறிபடுற மாதிரி சத்தம். பிள்ளை பெத்தவ கூட வந்த ஆளுங்க அத்தனை பேரும் இதுக்கு அடியிலதான் படுத்துருக்காங்க. விழுந்தா என் கடையோட போவாது.”

செல்லதுரை கூண்டின் விளிம்பில் விரலை நுழைக்கப் பார்த்தான். நகம்கூட நுழையவில்லை.

அன்றைக்கே நிர்வாக அதிகாரி அஹமது கபீரிடம் போய் நின்றான். அவர் நல்ல மனுஷன். யார் என்ன கேட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார். பிறகு முடியாது என்பார்.

“கூண்டை எடுத்துடணும் சார். ஐப்பசி காத்து தாங்காது.”

“கூண்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அதை நான் உடைச்சா அடுத்த மாசம் என்னைத் தூக்கி வேதாரண்யத்துல போடுவாங்க. உப்புக் காத்து எனக்கு ஒத்துக்காதுப்பா. உபயதாரர் அவரா எடுக்கச் சொன்னா எடு. போய்க் கேளு.”

“நானா சார்?”

“பின்னே, நீதானே அவங்க பண்ணையில குடியிருக்கிறவன்?”

அங்கேதான் சிக்கல். பண்ணை வயல்களுக்கு நடுவில் இருந்த திடலில்தான் செல்லதுரையின் வீடு. அவன் தாத்தா பண்ணையாளாக இருந்தபோது போட்ட குடிசை. அம்மா ராமாயி இன்றைக்கும் அந்த வயல்களில்தான் நடவு நடுகிறாள், களை பறிக்கிறாள். அவர்களைப் போன்ற விவசாயக் கூலிகளுக்குக் குடியிருக்கிற மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. ராமாயி மனு கொடுத்துவிட்டாள். ஐப்பசியில் தாசில்தார் விசாரணை. மிராசு ஆட்சேபிக்காவிட்டால் பட்டா கையில். ஆட்சேபித்தால் இழுத்தடித்தே வெளியே தள்ளிவிடலாம். இரண்டு வருஷம் முன்பு கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்த காத்தான் குடும்பத்தை அப்படித்தான் தள்ளினார்கள். அறுப்பு நேரத்தில் வந்த போலீஸ் வேன் அவர்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. அந்தக் குடிசை இருந்த இடத்தில் இப்போது எள் விளைகிறது.

“விசாரணை முடியறவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத” என்று ராமாயி சொல்லிவைத்திருந்தாள். “மரம் போனா இன்னொரு மரம் வச்சுக்கலாம். மனை போனா எங்கடா போவோம்? உன் பஸ் ஸ்டாண்ட் வேம்புக்குக் கீழயா?”

செல்லதுரைக்கு அம்மா சொல்வதும் சரியாகப் பட்டது, ரெங்கம்மாள் சொல்வதும் சரியாகப் பட்டது. எது சரி என்று மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்ததில் ஆவணி போய்விட்டது.

புரட்டாசி பிறந்ததும் துணிந்து மிராசு வீட்டுக்குப் போனான். பின்கட்டுப் பக்கம் நின்றான். வைத்தியலிங்கம் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் யாரையும் அதட்டிப் பேசி ஊர் கேட்டதில்லை.

“வா செல்லதுரை. மரமெல்லாம் நல்லா வச்சிருக்கியாமே. கடைத்தெருவுல பேசிக்கிறாங்க.”

“ஆஸ்பத்திரி மரம்தாங்க… கூண்டு இறுக்குதுங்க. கல்லைப் பத்திரமா எடுத்து வேற இடத்துல பதிச்சுடலாங்க. செங்கலை மட்டும்…”

“அப்படியா.” அவர் காம்பைக் கிள்ளிப் போட்டார். “அப்பா திதி வருது. அன்னிக்கு ஜனங்க பாக்குறப்ப கூண்டு இல்லேன்னா என்ன சொல்வாங்க? வைத்தியலிங்கம் கட்சியில செல்வாக்கு போச்சு, அப்பன் பேரையே பிடுங்கிட்டாங்கன்னுதானே? நீ எப்பவும்போலப் பூசிடு. அப்புறம் பாத்துக்கலாம்.”

“சரிங்க.”

“அம்மா சொகமா? ஐப்பசியில ஏதோ விசாரணைன்னாளே.”

“ஆமாங்க.”

“ம். நல்லபடியா நடக்கட்டும்.”

அவ்வளவுதான். அவர் மிரட்டினாரா, வாழ்த்தினாரா என்று செல்லதுரையால் தீர்மானிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்கவும் தோன்றாமல் தள்ளிக்கொண்டே வந்தான். பூசினால் மரம் போகும், அதன் அடியில் படுத்திருப்பவர்களும் போகலாம். பூசாவிட்டால் மனை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் மூக்கு இடித்தது.

திதிக்கு முந்தின நாள் காலை சிமெண்டும் மணலும் கொண்டுபோய் மரத்தடியில் கொட்டினான். கம்பி வைத்துப் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே மரம் புதிதாக ஒரு விரிசல் விட்டிருந்தது. உள்ளே பட்டை கறுத்து நசுங்கித் தெரிந்தது. புளிச்ச வாடை வந்தது. செல்லதுரை கலவையைக் குழைத்தான். கரண்டியில் எடுத்தான். எடுத்ததைத் திரும்பத் தட்டிலேயே போட்டான். மறுபடி குழைத்தான்.

“வீட்டுல மாவு பிசையிறவகூட இவ்ளோ நேரம் பிசையமாட்டா” என்றாள் ரெங்கம்மாள்.

காரியக்காரர் பஞ்சநதம் குடையோடு வந்து சேர்ந்தார். வேலையை மேற்பார்க்க வந்தவர் நேராக இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“என்னடா துரை, இன்னும் கை வைக்கல? நாளைக்கு ஐயா வர்றாரு.”

“வைக்கிறேங்க.” செல்லதுரை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். “ஐயா, மனை விஷயத்துல பெரியவங்க மனசுல என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா?”

“மனசுல என்ன இருக்கு? ஆட்சேபணை போட்டு எவ்வளவோ நாளாச்சே. சித்திரையிலயே போட்டாச்சு. நாந்தான் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்.” பஞ்சநதம் சட்னி கேட்டு இலையை நீட்டினார். “ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“தெரியாதுங்க.”

“மகன் பஞ்சாயத்துல மாசச் சம்பளம் வாங்குறான். அந்தச் சம்பளத்துலதான் குடும்பம் நடக்குது. இது எப்படி விவசாயக் கூலிக் குடும்பம் ஆவும்? அதுதான் பாயிண்ட்டு. வக்கீல் எழுதிக் குடுத்தாரு. நல்ல வக்கீல்.” அவர் அதில் வன்மம் எதையும் காட்டவில்லை. மழை வருமா வராதா என்று பேசுகிற குரல்தான்.

செல்லதுரை மாதத்தை எண்ணிப் பார்த்தான். சித்திரை. அவன் தஞ்சாவூரிலிருந்து திரும்பிப் புங்கன் கயிறுகளைத் தளர்த்திக்கொண்டிருந்த நாட்கள். அதற்குப் பிறகு இத்தனை மாதம் எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தோம்? பின்கட்டில் நின்று ‘சரிங்க’ சொன்னபோது அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்திருக்குமா? கேள்வி வந்ததே தவிரக் கோபம் வரவில்லை. கை மட்டும் தானாகக் கரண்டியைக் கீழே வைத்தது.

ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடந்த கடப்பாரையையும் ஒரு உளியையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

“அக்கா, சட்டியக் கொஞ்சம் அந்தாண்ட நகத்திக்குங்க.”

ரெங்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அடுப்பையும் சேர்த்து நகர்த்தினாள்.

முதலில் கல். அதைச் சுற்றிப் பூச்சை உளியால் சுரண்டி, விளிம்பு உடையாமல் பெயர்த்து, சிமெண்ட் சாக்கில் சுற்றி, பஞ்சநதம் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவர் பக்கத்திலேயே வைத்தான். அவர் கை எச்சில் இலையோடு அப்படியே நின்றது.

“டேய். என்னடா பண்ற?”

“ஐயாவோட கல்லுங்க. பத்திரமா எடுத்துட்டுப் போங்க.”

“பைத்தியமாடா ஒனக்கு? நாளைக்குத் திதிடா.”

செல்லதுரை கடப்பாரையைக் கையில் எடுத்தான். ஓங்கி அடிக்கவில்லை. ஓங்கினால் பட்டை கிழியும். விரிசலில் நுனியைக் கொடுத்து நெம்பி, ஒவ்வொரு செங்கலாகக் கழற்றினான். கம்பி வந்தபோதுதான் நேரம் ஆனது. போன வருஷம் அவ்வளவு கெட்டியாக முறுக்கியிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். “மிராசு சொல்லித்தான் எடுக்கிறாங்க” என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார். பஞ்சநதம் கல்லைத் தூக்கிக்கொண்டு குடையை மறந்துவிட்டுப் போனார்.

கம்பிக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கலை மரம் பாதி விழுங்கியிருந்தது. கட்டை அதன்மேல் வளர்ந்து மூடியிருந்தது. பிடுங்கினால் காயம் பெரிதாகும் என்று தஞ்சாவூரில் சொன்னதாக ஞாபகம். இந்த மரத்துக்கும் அப்படித்தானா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் உளியை வைத்துப் பார்த்துவிட்டு அவற்றை உள்ளேயே விட்டான். ரம்பத்தோடு மரத்தில் ஏறி, பட்டுப்போன உச்சிக் கிளையைத் தாய்க்கிளையை ஒட்டி அறுத்து இறக்கினான். வேரை மூடியிருந்த சிமெண்டைப் பெயர்த்து மண்ணைக் கொத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். மரம் பிழைக்குமா என்று ரெங்கம்மாள் கேட்டதற்குத் தெரியாது என்றான். “விழறதுன்னா இப்ப மெதுவா விழும்” என்றும் சொன்னான். அது உண்மையா என்றும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் திதிக்கு மிராசு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அஹமது கபீர் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“நாளையிலேர்ந்து வரவேணாம்ப்பா.” தன் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். “கட்சி ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். நீ நிரந்தரமா இருந்தா விசாரணை, நோட்டீஸ்னு நாள் கடத்தியிருப்பேன். தற்காலிகம். என்னால ஆகாது.”

“தெரியும் சார். கடைத்தெருப் புங்கனுக்கு வெள்ளிக்கிழமை தண்ணி முறை. யாரையாவது…”

“பாக்குறேன். போ.”

வீட்டில் ராமாயி அடிக்கவில்லை, அழவுமில்லை. சித்திரையிலேயே ஆட்சேபணை போட்டார்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். “அப்ப இந்த ஆறு மாசமா அவரு வீட்டுச் சாணியெல்லாம் நான் சும்மாவா அள்ளினேன்?” என்றாள். பிறகு சோறு போட்டாள்.

சம்பா நடவு நெருங்கியிருந்தது. கூலித் தகராறினால் பண்ணைக்கு வெளியூர் ஆள் வரவில்லை. ஒரு நாள் விடியலில் பஞ்சநதம் திடல் ஓரமாக நின்று கூப்பிட்டார்.

“டேய் துரை, நாத்துக்கட்டு தூக்க வாடா. ஐயாவே பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாரு. சேத்துல நின்னா புத்தி வரும்னாரு.”

வேறு போக்கிடமில்லை. செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். மிராசு ஒரு தடவை வரப்பில் குடையோடு வந்து நின்று அவன் தலையில் நாற்றுக்கட்டு ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போனார். கூட நின்ற பெண்கள் “பஞ்சாயத்து ஆபீசரே, பாத்து வைங்க, நாத்துக்கு மூச்சு முட்டப்போவுது” என்று கிண்டலடித்தார்கள். அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

ஐப்பசியில் விசாரணை. தாலுகா ஆபீஸ் கூடத்தில் ஒரு பக்கம் ராமாயியும் செல்லதுரையும், மறுபக்கம் பஞ்சநதமும் அந்த நல்ல வக்கீலும். தாசில்தார் சளி பிடித்த மனுஷர். கைக்குட்டையை மடியிலேயே வைத்திருந்தார். வக்கீல் எழுந்து, குடும்பத் தலைவன் பஞ்சாயத்து ஊழியன், விவசாயத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று அழகாகப் பேசினார்.

தாசில்தார் செல்லதுரையைப் பார்த்தார். “என்னப்பா, பஞ்சாயத்து வேலைதானா?”

“இல்லிங்க. நிப்பாட்டிட்டாங்க.”

“இப்ப?”

“நடவு வேலைங்க. நேத்துகூட நாத்துக்கட்டு தூக்கினேன்.”

“யார் வயல்ல?”

“ஐயா வயல்லதாங்க.”

தாசில்தார் மூக்கைச் சிந்திவிட்டு மறுபக்கம் திரும்பினார். “காரியக்காரர் யாரு? நீங்களா? வேலைக்கு ஆள் விடறது யாரு?”

பஞ்சநதம் எழுந்தார். வக்கீல் அவரைப் பார்த்தார். அவர் வக்கீலைப் பார்த்தார்.

“நாந்தானுங்க.”

“இந்தப் பையனை யார் கூப்பிட்டா?”

“நான்… ஐயா சொல்லித்தாங்க கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாரு.”

கூடத்தில் யாரோ கனைத்துச் சிரித்தார்கள். வக்கீல் தன் காகிதங்களை ஒரே அளவாகத் தட்டி அடுக்கினார். ஆட்சேபணை நிற்காது, மனை ராமாயி பேருக்கு ஆகும் என்று தாசில்தார் சொன்னபோது ராமாயிக்குப் புரியவில்லை. செல்லதுரை காதில் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பஞ்சநதம் வந்து பக்கத்தில் நின்றார். ஊருக்குப் போகும் பஸ் ஒன்றுதான்.

“மனை ஒங்களுதாயிருச்சு ராமாயி. சந்தோசம்” என்றார். “ஆனா நாலு பக்கமும் வரப்பு எங்களுது. ஐயா வேலி போடணும்னு ஆரம்பிச்சாருன்னா எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க? அதையும் யோசிச்சு வச்சுக்குங்க.”

ராமாயி மகனைப் பார்த்தாள். செல்லதுரை வானத்தைப் பார்த்தான். கிழக்கே மழை இருண்டுகொண்டு வந்தது. பாதி வயல் இன்னும் நடாமல் கிடப்பது, பறித்த நாற்று கட்டுக்கட்டாகத் தண்ணீரில் நிற்பது, அதெல்லாம்தான் நினைவுக்கு வந்தது.

“நாளைக்கு நடவுக்கு ஆள் வேணுங்களா?” என்று கேட்டான்.

“வேணாமா பின்னே? நாத்து முத்திட்டு நிக்குது.”

“அப்ப நாங்க வரப்பு வழியாத்தான் வரணும்.”

பஞ்சநதமும் மழை இருட்டைப் பார்த்தார். “நாளைக்கு வாங்க” என்றார் கடைசியில். “நடவு முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. மூன்று பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஊருக்குப் போனார்கள்.